எட்டுப் பேர் என்றால் பத்துப் பேர்

"காகிதம் படிச்சு வேலை பாக்குறவன் மெக்கானிக் இல்ல, குமாஸ்தா. பொருளுக்குப் பக்கத்துல உட்காந்து காது கொடுத்தா, தனக்கு என்ன வேணும்னு அதுவே சொல்லும். இருபத்தி நாலு வருஷமா நான் ஒரு காகிதத்தையும் பிரிச்சதில்ல. இனிமேலும் பிரிக்க மாட்டேன்."

கல்வெட்டில் ஏற வேண்டிய இந்தப் பிரகடனம், மைத்துனர் வீட்டுக் குளியலறை வாசலில், கையில் ஸ்க்ரூடிரைவருடன், ஒரு விடுமுறை நாள் காலையில் வெளியிடப்பட்டது. கேட்டவர்கள் நான்கு பேர். மனைவி, மனைவியின் தம்பி, தம்பியின் மனைவி, அப்புறம் சமையலறைக் குழாயைப் பார்க்க வந்திருந்த பிளம்பர். பிளம்பர் மட்டும் "சரியாச் சொன்னீங்க சார்" என்றார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை நடுவழியில் விட மாட்டார்.

பேசியவர் லிஃப்ட்காரர். ஐந்து கட்டடங்கள், பதினோரு லிஃப்டுகள், அத்தனைக்கும் எண்ணெய் போட்டு, கயிறு பார்த்து, கதவு தட்டிச் சரி செய்து ஐம்பத்தொரு வயதை எட்டியவர். அன்று அவர் மாட்டியது ஒரு வெந்நீர் ஹீட்டர். மாட்டி முடித்த பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரும், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீரும் வந்தன. பொருள் என்னமோ சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திவிட்டது போலும்.

மூன்றாம் நாள் மைத்துனர் ஹீட்டரோடு வந்த குறிப்புத் தாளைப் பிரித்தார். அவர் மருந்துக்கடைக்காரர். மருந்துப் பெட்டிக்குள் படுக்கை விரிப்பு அளவுக் காகிதத்தைத் தபால்தலை அளவுக்கு மடித்து வைத்திருப்பார்களே, அதைப் பிரித்து, எறும்பு எழுத்தைப் படித்து, அதே மடிப்பில் திரும்ப மடித்துப் பெட்டிக்குள் போடுவதுதான் அவர் வாழ்க்கை. பிரிப்பதை யாரும் செய்யலாம். திரும்ப மடிப்பதற்கு வரம் வாங்கி வர வேண்டும். அவர் ஹீட்டர் தாளை இரண்டு பக்கமும் படித்தார், இரண்டு குழாய்களை இடம் மாற்றினார், தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறையில் போட்டார். மொத்தம் இருபது நிமிடம். ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் லிஃப்ட்காரருக்குத் தாங்கவில்லை.

ஆகவே பழி தீர்க்க வேண்டிய இடம் வேறாக அமைந்தது.

லிஃப்ட்காரர் கவனித்துக்கொண்ட கட்டடம் ஒன்றில், ஒன்பதாம் மாடியிலிருந்து காலி செய்து போன ஒருவர், "வேணும்னா வெச்சுக்கோங்க" என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ரிமோட் கார். முழங்கை நீளம், நான்கு ரப்பர் சக்கரம், நடுவில் ஒரு மோட்டார், அதற்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஸ்பீட் கன்ட்ரோலர். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து ஊற்றுகிற வேலை அந்தத் தீப்பெட்டிக்கு. மைத்துனரிடமும் அதே மாதிரி கார் ஒன்று ஏற்கனவே இருந்தது. ஊரின் பெரிய கடைவளாகத்தின் மொட்டை மாடி வாகன நிறுத்தம் ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும். அங்கே தண்ணீர் பாட்டில்களை வளைவுகளாக நிறுத்தி வைத்துக்கொண்டு, நாற்பதிலிருந்து அறுபது வயது வரையிலான பன்னிரண்டு ஆண்கள் பந்தயம் விடுவார்கள். வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வாளியை எடுக்கச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பவர்கள், அங்கே இரண்டு மணி நேரம் குந்தியிருப்பார்கள்.

முதல் ஞாயிறு, பத்து சுற்றுப் பந்தயத்தில் மைத்துனரின் கார் லிஃப்ட்காரரின் காரை மூன்று முறை தாண்டிப் போனது. மூன்றாவது முறை தாண்டும்போது மைத்துனர், "அத்தான், கொஞ்சம் ஓரமா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு நடுவே சண்டை மூட்டியது எல்லாம் இந்த மாதிரி மரியாதைதான்.

மறுநாளே லிஃப்ட்காரர் விளையாட்டுக் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனார். கடையை நடத்துவது ஒரு அம்மாள். எதிரே வருபவன் பிறந்த தேதிக்குக்கூட ஆதாரம் கேட்கிற ரகம்.

"சூடான மோட்டார் வேணும். இருக்கறதுலயே சூடானது."

"இப்ப போட்டிருக்கறது எத்தனை சுத்து?"

"இருபத்தேழு."

மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதுதான் கணக்கு. சுற்று குறையக் குறைய மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கும், வேகம் ஏறும், சூடும் ஏறும். இது லிஃப்ட்காரருக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது.

"பன்னெண்டு சுத்து குடுங்க."

"உங்க கன்ட்ரோலர் தாங்காது சார். அது பதினஞ்சு சுத்து வரைக்கும்தான். பேப்பர்ல போட்டிருக்கும், பாருங்க."

லிஃப்ட்காரர் சிரித்தார். இந்த இடத்தில் அவருடைய தத்துவத்தைச் சொல்லியாக வேண்டும். லிஃப்டில் எட்டுப் பேர் என்று பலகை மாட்டியிருக்கும். பத்துப் பேர் ஏறினாலும் போகும். எழுதுகிறவன் எப்போதும் ரெண்டு ஆளை மிச்சம் வைத்துத்தான் எழுதுவான். இருபத்தி நாலு வருட சர்வீஸில் அவர் கண்ட பேருண்மை இது. வாட்ச்மேன்களுக்கும் இதை இலவசமாகப் போதித்து வந்தார்.

"பதினஞ்சுன்னு எழுதியிருந்தா பன்னெண்டு போகும்மா. எட்டுப் பேருன்னா பத்துப் பேரு. எங்க லைன்ல இது எல்லாருக்கும் தெரியும்."

"இது லிஃப்ட் இல்ல சார்."

"எல்லாம் மோட்டார்தானே."

அம்மாள் மோட்டாரை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடவே பார்வையால் ஒரு அனுதாபத்தையும் கொடுத்தார். அதற்கு ரசீது இல்லை.

அடுத்த ஞாயிறு கார் கிளம்பிய வேகத்தில் இரண்டு பாட்டில்கள் பறந்தன. ஒரு சுற்று முழுக்க லிஃப்ட்காரர்தான் முதல். அந்த ஒரு சுற்றில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், மனிதனுக்கு மகிழ்ச்சி எவ்வளவு சின்ன இடத்தில் கிடைக்கிறது என்று வியந்திருப்பார்கள். இரண்டாம் சுற்றின் பாதியில் காரிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை கிளம்பியது. பிறகு பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். பிறகு கார் நின்றது. மைத்துனரின் கார் அதைச் சுற்றிக்கொண்டு, மரியாதையாக, ஓரமாகப் போனது.

"பீஸ் சரியில்ல" என்றார் லிஃப்ட்காரர், கன்ட்ரோலரைக் காதோரம் வைத்துக் கேட்டு. "தயாரிப்புலயே கோளாறு."

"காகிதத்துல என்ன போட்டிருக்கு அத்தான்?"

"நீ உன் மாத்திரையைப் பாரு மச்சான்."

அதே கன்ட்ரோலரில் இன்னொன்று வாங்கினார். அதோடு வந்த குறிப்புத் தாள், உறை பிரியாமல் மேசை டிராயருக்குள் போனது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி விசிறியை அதன் மேல் உட்கார வைத்தார். சூடுதானே பிரச்சினை? விசிறி ஓடும், சூடு போகும். மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தையும் கழற்றிவிட்டு, இன்னும் வேகம் கிடைக்கட்டும் என்று பெரிய பல்சக்கரத்தை மாட்டினார். ஏற்கனவே மூச்சு வாங்குகிறவன் முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டு, முகத்துக்கு நேரே விசிறியைப் பிடிப்பது போன்ற ஏற்பாடு.

இந்த வேலை முழுக்க நடந்தது ஜன்னலோர மேசையில். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழும் ஒரே இடம் அதுதான். அவருடைய ரிப்பேர் சாமான்கள் வெகுநாளாகக் குடியிருக்கும் இடமும் அதுதான். அவர் மனைவி துணி தைத்துக் கொடுப்பவர். அவருடைய தையல் மிஷின் மூன்று வருடமாகக் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இருட்டில் கிடக்கிறது. ஊசியில் நூல் கோக்க அவர் தலையில் டார்ச் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜன்னலோர மேசை எப்போது காலியாகும் என்று அவர் கேட்கும் போதெல்லாம், "ரெண்டு வாரம் பொறு" என்ற பதில் கிடைத்தது. அந்த ரெண்டு வாரம் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தது.

அன்று மனைவி மைத்துனரின் கடைக்கு ஆறு வெள்ளைக் கோட்டு தைத்து முடித்து, பித்தான் வைப்பதற்காக, வெளிச்சத்துக்காக, ஒரே ஒரு நிமிடம் அந்த மேசையின் ஓரத்தில் வைத்தார். லிஃப்ட்காரர் சக்கரங்களை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். விசிறி அழகாக ஓடியது. புகையையும் அழகாகக் கோட்டுகள் பக்கம் ஊதியது. உருகிய பிளாஸ்டிக் ஒரு சொட்டு எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோட்டின் பையில் விழுந்து பழுப்பு நிறத்தில் உறைந்தது.

மனைவி கோட்டைத் தூக்கிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் லிஃப்ட்காரர் சமாளித்திருப்பார், அதில் அனுபவம் உண்டு.

"என்னங்க."

"ம்."

"இன்னும் ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அந்தக் கார் மறுபடியும் புகைஞ்சுதுன்னா இந்த மேசை என் மிஷினுக்கு. ஞாயித்துக்கெழமை நானும் வரேன், பாக்க."

"நீ எதுக்கு வெயில்ல…"

"இஞ்ச் டேப் எடுத்துட்டு வரேன்."

"அங்க எதுக்கு இஞ்ச் டேப்பு?"

"மேசைய அளந்தாச்சு. நாலடி ரெண்டங்குலம். புகை வந்தா கீழ கடையிலயே விரிப்புத் துணிய அளந்து வாங்கிடலாம்ல."

தம்பிக்கும் தகவல் போனது. தம்பி தொலைபேசியில், "அக்கா, கறை பட்ட கோட்டை மட்டும் தனியா எடுத்து வை, அத நான் வேற எடத்துக்கு வெச்சுக்கறேன்" என்றாராம்.

மூன்றாவது முறை லிஃப்ட்காரர் கடைக்குப் போய்ப் பெரிய கன்ட்ரோலராகக் கேட்டார். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 320 என்று போட்டிருந்தது. ஆம்பியர். அவருக்குக் கண் விரிந்தது.

"முந்நூத்தி இருபதா! எங்க பன்னெண்டு மாடி லிஃப்டே இவ்வளவு இழுக்காதும்மா."

"அது கண் மூடித் தொறக்கற நேரத்துக்கு மட்டும் சார். நெசமான கணக்கு உள்ள பேப்பர்ல இருக்கு. படிச்சிட்டு மாட்டுங்க."

"பெட்டி மேலயே இருக்கே."

"பெட்டி மேல இருக்கறது விக்கறதுக்கு. உள்ள இருக்கறது மாட்டறதுக்கு."

இதையும் அவர் காதில் வாங்கவில்லை. ஆனால் ஒன்று. இரண்டு புகைக்குப் பிறகு உள்ளுக்குள் ஏதோ அரித்திருக்க வேண்டும். இந்தத் தடவை தாளை டிராயரில் போடவில்லை. கருவிப் பையில், பழைய இருபத்தேழு சுற்று மோட்டாருக்கும் பழைய சின்னப் பல்சக்கரத்துக்கும் பக்கத்தில் செருகி வைத்தார். படிப்பதற்கு இல்லை. சும்மா. இடம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவருக்குக் கோபம். எதன் மேல் என்று தெளிவாக இல்லாததால் எல்லாவற்றின் மேலும் கொஞ்சம் கொஞ்சம். கதவு லேசாக உரசிய லிஃப்டைத் திட்டினார். எண்ணெய் டப்பா மூடியைத் திட்டினார். கார் விஷயத்தில் தான் எங்கே தவறினோம் என்று மோட்டார் அறையில் உட்கார்ந்து காது கொடுத்துப் பார்த்தார். மோட்டார் "ம்ம்ம்" என்றது. அது எப்போதும் சொல்வதுதான்.

சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒரு கட்டடத்திலிருந்து அழைப்பு. லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். போய் நாலாவது மாடிக் கதவைத் தட்டிக் கேட்டார்.

"உள்ள எத்தனை பேரு?"

"பத்துப் பேரு!"

குரலிலேயே தெரிந்தது, பத்தும் நல்ல சாப்பாட்டுக்காரர்கள்.

"எட்டுன்னு போர்டு போட்டிருக்கே! படிக்கத் தெரியாதா?"

"வாட்ச்மேன்தான் ஏறச் சொன்னாரு!"

லிஃப்ட்காரர் கொதித்துப் போய்த் திரும்பினார். வாட்ச்மேன் பக்கத்தில்தான் நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு, பணிவாக.

"ஏம்ப்பா, அறிவிருக்கா?"

"நீங்கதான சார் சொன்னீங்க. எட்டுப் பேருன்னா பத்துப் பேருன்னு. எழுதறவன் மிச்சம் வெச்சுத்தான் எழுதுவான்னு. நான் எல்லார்கிட்டயும் உங்க பேரச் சொல்லித்தான் ஏத்தறேன்."

லிஃப்டுக்குள் யாரோ தும்மினார்கள்.

மேலே மோட்டார் அறைக்குப் போய், கை சக்கரத்தைச் சுற்றி, அங்குலம் அங்குலமாக லிஃப்டை நாலாவது மாடிக்கு இறக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், கை வைக்க முடியவில்லை. அது எத்தனை நாளாக இப்படிச் சுட்டதோ. இறங்கி வந்தபோது பத்துப் பேரும் வியர்வையோடு வெளியே நின்றார்கள். அதில் கனத்த ஆசாமி ஒருவர், சட்டைக் காலரைத் துடைத்தபடி, ரொம்ப நிதானமாகக் கேட்டார்:

"அந்தப் போர்டை எதுக்கு சார் மாட்டி வெச்சிருக்கீங்க? அழகுக்கா?"

ஞாயிறு வந்தது. மொட்டை மாடியில் பன்னிரண்டு ஆண்களும் குந்தியாயிற்று. மனைவி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் இஞ்ச் டேப், மாலை மாதிரி. மைத்துனர் கடையிலிருந்து நேராக வந்ததாகச் சொல்லி வெள்ளைக் கோட்டோடு நின்றார். ஆறு கோட்டில் எந்தக் கோட்டு என்று கேட்கத் தேவையில்லை. பையின் மேல் பழுப்புச் சொட்டு பதக்கம் போல இருந்தது.

"என்ன அத்தான், இன்னிக்கு மோட்டார் என்ன சொல்லுது?"

"கிளம்பட்டும், கேப்பே."

பந்தயத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. லிஃப்ட்காரர் காரையும் பையையும் எடுத்துக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். அங்கே குடிக்கிற தண்ணீர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். மனைவியின் பக்கத்தில் நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"உன் கண்ணாடியக் குடேன்."

"எதுக்கு?"

"கண்ணுல தூசி."

"தூசிக்குக் கண்ணாடியா?"

"குடேன்னா."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஊசியில் நூல் கோக்கும் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் கேட்காமல் விட வேண்டிய இடம் எது என்று அவருக்குத் தெரியும், அபூர்வமாகத்தான் அதைப் பயன்படுத்துவார்.

தொட்டிக்குப் பின்னால் தாள் விரிந்தது. விரிந்துகொண்டே போனது. முதல் வரியில் வாங்கியதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மூன்று தடவை சாமான் வாங்கியவருக்கு இதுவரை யாரும் நன்றி சொல்லவில்லை என்பதால் அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு: பெட்டி மேல் உள்ள எண் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கானது, தொடர்ந்து தாங்குவது அறுபது மட்டுமே. பிறகு: சூடான மோட்டார் மாட்டினால் பல்சக்கரத்தைச் சிறியதாக்கவும், பெரியதாக்கினால் கன்ட்ரோலர் கருகும். இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு: மோட்டார் பதிமூன்று சுற்று அல்லது அதற்கு மேல்.

பதிமூன்று.

அவருடையது பன்னிரண்டு. ஒரே ஒரு சுற்று. கம்பியில் ஒரு சுற்று என்பது விரல் நீளம்கூட இல்லை. எழுதினவன் கட்டாயம் ஒரு சுற்றாவது மிச்சம் வைத்திருப்பான். எட்டுப் பேர் என்றால் பத்துப் பேர் போகும்போது, பதிமூன்று என்றால் பன்னிரண்டு போகாதா? கை தானாகவே காரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நான்கு அடி நடந்தது. பிறகு அந்தக் கனத்த ஆசாமி, சட்டைக் காலரைத் துடைத்தபடி, மனசுக்குள் நின்றுகொண்டு, அழகுக்கா என்று கேட்டார்.

லிஃப்ட்காரர் வாய்க்குள்ளேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். யாரை என்று அச்சில் தெளிவுபடுத்த முடியாது. திரும்பிப் போய் உட்கார்ந்து, இரண்டு திருகாணியைக் கழற்றி, பன்னிரண்டு சுற்று மோட்டாரை எடுத்துவிட்டுப் பழைய இருபத்தேழு சுற்றையே மாட்டினார். சின்னப் பல்சக்கரத்தையும் மாட்டினார். மாட்டும்போது பல்லைக் கடித்த சத்தம் தொட்டிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டதாக மனைவி பிறகு சொன்னார்.

பந்தயம் நடந்தது. லிஃப்ட்காரரின் கார் பத்து சுற்றும் ஓடியது. கடைசியாக வந்தது. ஒரு சக்கரம் ஆடிக்கொண்டே ஓடிய, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் காருக்கும் பின்னால். மைத்துனர் நான்கு முறை தாண்டினார். நான்கு முறையும் "கொஞ்சம் ஓரமா" என்றார். லிஃப்ட்காரர் நான்கு முறையும் ஓரமாகப் போனார். புகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், சிலர் மூக்கைக்கூடத் தயாராக வைத்திருந்தார்கள். வரவில்லை.

மனைவி எழுந்து வந்தார். காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையைக் கன்ட்ரோலர் மேல் வைத்தார்.

"சூடே இல்லயே."

"ம்."

"கடைசியா வந்தீங்க."

"தெரியும்."

மனைவி இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, பைக்குள் போட்டார். சொன்ன சொல் சொன்ன சொல்தான். தோற்றால் மேசை என்று அவர் சொல்லவில்லை, புகைந்தால் என்றுதான் சொன்னார். "பாதி மேசையாவது குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கினார். லிஃப்ட்காரர் மறுக்கவில்லை. அன்று அவருக்கு எதையும் மறுக்கத் தெம்பில்லை.

எல்லோரும் பாட்டில்களைப் பொறுக்கத் தொடங்கினார்கள். லிஃப்ட்காரர் தொட்டிக்குப் பின்னால் விட்டுவந்த தாளை எடுத்து மடிக்கப் பார்த்தார். நீளவாக்கில் மடித்தார், அகலம் துருத்தியது. அகலவாக்கில் மடித்தார், நடுவில் ஒரு மூலை நிமிர்ந்து நின்றது. பிரித்து மறுபடி தொடங்கினார். நான்காவது முறை அது முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு கையில் இருந்தது. பைக்குள்ளும் போகவில்லை, சட்டைப் பைக்குள்ளும் போகவில்லை. காற்றில் விட்டுவிடலாம் என்றால் இன்னும் படிக்காத பின்பக்கம் பாக்கி இருந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கோட்டில் பழுப்புப் பதக்கம் குத்திய மனிதரிடம் நடந்து போய், தாளை வயிற்றோடு மறைத்துப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"மச்சான்… இத எப்படி மடிக்கறதுன்னு கொஞ்சம் காட்டு."